சென்சிட்டிவ் சருமத் தொழில்: முதலில் எதை விற்பது, அதை எங்கே தயாரிப்பது?

குழந்தைக்குக் கரப்பான் (எக்ஸிமா), கடை சோப்பு எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை, அம்மாவே ஒன்றைக் கிண்டிப் பார்க்கிறார், அரிப்பு கொஞ்சம் அடங்குகிறது, பக்கத்து வீட்டில் ஒரு கட்டி கேட்கிறார்கள், அப்புறம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பேர் கேட்கிறார்கள். சருமப் பராமரிப்புச் சிறுதொழில்கள் பல இப்படித்தான் பிறக்கின்றன. அதை முறையான தொழிலாக ஆக்கலாமா என்று யோசிக்கும்போது இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும். முதலில் எந்தப் பொருளை விற்பது? அதை யார் இடத்தில், யார் லைசென்ஸில் தயாரிப்பது? பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள், ஏனென்றால் பணம் அங்கேதான் போகிறது. முதல் கேள்வியைத் தீர்த்துவிட்டால் இரண்டாவதில் பாதி தானாகத் தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. அதனால் அந்த வரிசையிலேயே போகிறேன்.

வாங்க வருபவர்கள் யார்?

"எனக்கு சென்சிட்டிவ் ஸ்கின்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத பொருள் பட்டாலே எரிச்சல், குத்தல், அரிப்பு என்று வருபவர்கள் ஒரு வகை. சில சமயம் தோலில் சிவப்புகூடத் தெரியாது, எரிச்சல் மட்டும் இருக்கும். பொருள் மென்மையாக இருப்பது, அதில் சேர்ப்பவை குறைவாக இருப்பது, இரண்டுமே இவர்களுக்கு உதவும்.

ஒவ்வாமை உள்ளவர்கள் இரண்டாம் வகை. இவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருள் ஆகாது, அவ்வளவுதான். அது துளி இருந்தாலும் ஓரிரு நாள் கழித்துத் தோல் தடித்துக் கொப்பளிக்கும். "மைல்டான தயாரிப்பு" என்ற சமாதானம் இங்கே செல்லாது. அந்தப் பொருள் உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி.

மூன்றாவது வகையைப் பற்றி நம் ஊரில் தொழில் செய்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். முகம் வெளுக்க வேண்டும் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கிரீமை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பூசியவர்கள் இவர்கள். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். வெயில் பட்டால் எரியும். தண்ணீர் பட்டால்கூட எரியும் என்பார்கள். இந்தப் பழக்கத்தைக் கட்டுப்படுத்தத்தான் 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் பட்டியலுக்குக் கொண்டுவந்தது. இப்படிப்பட்டவர்கள் உங்களிடம் வரும்போது எதையும் விற்காதீர்கள். எதைப் பூசினாலும் எரியும், பழி உங்கள் பொருள் மேல் விழும். அதைவிட முக்கியம், அவர்களுக்குத் தேவை தோல் மருத்துவர். முதல் உரையாடலிலேயே "முகத்துக்கு என்ன கிரீம் போட்டுக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்கும் வழக்கம் இருந்தால் பாதித் தலைவலி குறையும்.

ஆக, இந்தத் தொழிலில் நீங்கள் உண்மையில் விற்பது உள்ளே இருப்பது இவ்வளவுதான் என்ற உறுதியை. கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு அளவுகோலால் பார்க்கிறேன்: பெட்டிக்குள் இருக்கும் கடைசிப் பொருள் வரை உங்களுக்குத் தெரியுமா?

சோப்பு: எல்லாரும் தொடங்கும் இடம்

சோப்பில் தொடங்குவதற்குக் காரணங்கள் நிறைய. கற்றுக்கொள்வது எளிது, முதலீடு குறைவு, கட்டி பார்க்க அழகாக இருக்கும், ஒருவர் ஆண்டு முழுக்க வாங்குவார். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக் கட்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், திரவ சோப்புக்கும் சருமக் கிரீம்களுக்கும் 18 சதவீதம். விலை போடும்போது இந்த இடைவெளி பெரிதாகத் தெரியும்.

ஆனால் சென்சிட்டிவ் சருமத்துக்கென்று சொல்லி விற்க சோப்பு நல்ல தொடக்கம் இல்லை என்றே நினைக்கிறேன். ஆரோக்கியமான தோலின் பிஹெச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) ஏறத்தாழ 5, லேசான அமிலம். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து உண்டாகும் உண்மையான சோப்பின் பிஹெச் 9 முதல் 10. அதை எலுமிச்சை போட்டோ தயிர் போட்டோ குறைக்க முடியாது. அமிலம் கூடினால் சோப்பு உடைந்து கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும். "பிஹெச் 5.5 உள்ள கையால் செய்த சோப்பு" என்று யாராவது விற்றால், ஒன்று அது சோப்பு இல்லை, அல்லது அவர் அளந்து பார்க்கவில்லை.

தண்ணீர் அடுத்த சிக்கல். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரில் குளிப்பவருக்கு இதமாக இருக்கும் அதே கட்டி, சென்னைப் புறநகரில் போர் தண்ணீரில் குளிப்பவருக்கு வறட்சியைக் கொடுக்கலாம். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கழுவினாலும் போகாத படிவமாகத் தோலில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் சோப்பில் குறை எதுவும் இருக்காது. புகார் மட்டும் வரும்.

மூன்றாவது சிக்கல், எண்ணெய். ஒரு கிலோ தேங்காய் எண்ணெயை முழுக்க சோப்பாக்க ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கொஞ்சம் எண்ணெய் மிச்சம் இருக்கட்டும் என்று 5 சதவீதம் குறைத்து 174 கிராம் போடுவது வழக்கம். நீங்கள் வாங்கிய எண்ணெயில் 30 சதவீதம் பாமாயில் கலப்படம் இருந்தால் என்ன ஆகும்? பாமாயிலுக்குக் கிலோவுக்கு 142 கிராம்தான் தேவை. கணக்குப் போட்டால் அந்தக் கலவைக்கு 171 கிராம் போதும். நீங்கள் போட்டது 174. மிச்சக் காரம் கட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். சாதாரணத் தோலுக்கு இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். உங்கள் வாடிக்கையாளருக்குத் தெரியும். செக்கில் நேராக ஆட்டி வாங்குபவர்கள் கொஞ்சம் தப்பித்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொரு டின்னுக்கும் சபானிஃபிகேஷன் மதிப்பை, அதாவது அந்த எண்ணெயைச் சோப்பாக்க எவ்வளவு காரம் வேண்டும் என்று காட்டும் எண்ணை, சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இதெல்லாம் தெரிந்தும் சோப்பைக் கைவிட மனமில்லையா? விற்கலாம். வாசனை சேர்க்காத, நன்றாக ஆறவைத்த சோப்பு என்று சாதாரணச் சருமக்காரர்களுக்கு விற்கலாம். அதன் மேல் "சென்சிட்டிவ்" என்று எழுதுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கிளிசரின் பேஸ் வாங்கி உருக்கி ஊற்றும் முறையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பேஸில் என்ன இருக்கிறது என்பது பேஸ் தயாரித்தவருக்குத்தான் தெரியும். பல மலிவு பேஸ்களில் நுரைக்காகச் சேர்த்த சல்ஃபேட்டும் புரோப்பிலின் கிளைக்காலும் இருக்கும். மேலே சொன்ன அளவுகோலில் முதலிலேயே தோற்றுவிடுகிறது.

தோல் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் சோப்பற்ற கட்டிகள், அதாவது சின்டெட் கட்டிகள், வேறு ரகம். சோடியம் கொக்கோயில் ஐசெதியோனேட் போன்ற மென்மையான நுரைப்பொருளால் ஆனவை. பிஹெச்சைத் தோலுக்கு நெருக்கமாக வைக்கலாம். உப்புத் தண்ணீரிலும் படிவம் விழாது. பொருளாகப் பார்த்தால் இதுதான் சரி. ஆனால் இதை அரைத்து, பிசைந்து, அழுத்தி வெளியே தள்ளும் இயந்திரங்கள் வேண்டும். வெளியில் செய்து வாங்கினாலும் குறைந்தபட்ச அளவு பெரிதாக இருக்கும். முதல் ஆண்டில் தொட வேண்டாம்.

குளியல் பொடி

நலங்கு மாவின் மேல் நம் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை பெரியது. தண்ணீர் கிடையாது, நுரைப்பொருள் கிடையாது, பாட்டி காலத்துப் பொருள். சாதாரணச் சருமத்துக்கு எனக்கும் பிடித்தமான பொருள்தான். கரப்பான் உள்ளவருக்கு என்று வரும்போது தயங்குகிறேன். பூலாங்கிழங்கு, ரோஜா இதழ், வெட்டிவேர், கஸ்தூரி மஞ்சள் எல்லாம் மணப்பொருள்கள். செடியில் இருந்து வந்த மணமா என்று தோல் பார்க்காது, அதற்கும் ஒவ்வாமை வரலாம். அரைத்த துகள், விரிசல் விட்ட தோலில் உரசும். காய்ந்த மூலிகையில் கிருமிகளும் பூஞ்சை வித்துகளும் அதிகம் இருக்கும். ஐப்பசி மழையில் டப்பாவுக்குள் ஈரம் இறங்கினால் பெருகும். சருமக் கிரீம்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஒரு கிராமுக்கு மொத்தம் 1000 நுண்ணுயிர் வரைதான் அனுமதிக்கிறது. வீட்டில் மொட்டைமாடியில் காயவைத்து மில்லில் அரைத்த பொடியை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாருங்கள், அந்தக் கணக்கு எங்கே நிற்கிறது என்று தெரியும்.

இன்னொரு விஷயம். பயறு, கடலை, ஓட்ஸ், பாதாம், ஆட்டுப்பால் என்று சாப்பிடும் பொருள்களைத் தோலில் பூசுவது பாதுகாப்பானது என்று பொதுவாக நம்புகிறோம். ஜப்பானில் நடந்ததைப் பார்த்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். நீராற்பகுத்த (சிறு துண்டுகளாக உடைத்த) கோதுமைப் புரதம் சேர்த்த "ச்சா நோ ஷிசுகு" என்ற முகச் சோப்பு அங்கே மிகப் பிரபலமாக இருந்தது. அதைத் தினமும் பயன்படுத்தியவர்களில் 2000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை ஒவ்வாமையே வந்துவிட்டது. முகம் கழுவியதன் விளைவாக ரொட்டி சாப்பிட்டால் மூச்சுத் திணறல் வரும் நிலைக்குச் சிலர் போனார்கள். 2011-இல் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அரண் உடைந்த தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால் உடல் அதை எதிரியாகப் பழகிக்கொள்ளக்கூடும் என்பதுதான் இதில் உள்ள விஷயம். கரப்பான் குழந்தைகளின் தோல் அரண் உடைந்த தோல்தான். ஆட்டுப்பால் சோப்பை "குழந்தைகளின் எக்ஸிமாவுக்கு" என்று விளம்பரம் செய்பவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

லோஷன்

வாடிக்கையாளர் கேட்பது இதைத்தான். பிசுபிசுப்பு இல்லை, பூசினால் உடனே உறிஞ்சிவிடும், நம் வெப்பத்துக்குத் தோதானது. ஆனால் லோஷனில் முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீர் இருந்தால் கிருமி வரும். கிருமியைத் தடுக்கப் பதப்படுத்தி வேண்டும். ஒவ்வாமைப் பட்டியலில் பதப்படுத்திகளுக்குத் தனி இடம் உண்டு. மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற ஒன்றை அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-க்கான "ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்று அறிவித்தது. பூசிவிட்டு அப்படியே விடும் பொருள்களில் அதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடை செய்தது. "பதப்படுத்தி இல்லாத லோஷன்" என்று தப்பிக்கவும் முடியாது. பதப்படுத்தி போடாத லோஷன் சில நாளில் கிருமிப் பண்ணையாகிவிடும். சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் போன்ற மென்மையானவை அமிலத் தன்மை போதுமான அளவு இருந்தால்தான் வேலை செய்யும். பிஹெச் 6-ஐத் தாண்டிவிட்டால் பேருக்குத்தான் இருக்கும்.

உங்கள் ஃபார்முலா கிருமியைத் தடுக்கிறதா என்று பார்க்க, வேண்டுமென்றே கிருமியைக் கலந்து 28 நாள் கவனிக்கும் சவால் சோதனை இருக்கிறது. 40 டிகிரி வெப்பத்தில் மாதக்கணக்கில் வைத்துப் பிரிகிறதா என்று பார்க்கும் நிலைப்புச் சோதனையும் இருக்கிறது. இரண்டும் இல்லாமல் லோஷன் விற்பது, அதுவும் புண்ணும் விரிசலும் உள்ள தோலுக்கு விற்பது, நான் யாருக்கும் பரிந்துரைக்காத வேலை. முறையாகச் செய்தால் லோஷன்தான் இந்தத் தொழிலின் எதிர்காலம். முதல் பொருளாக மட்டும் வேண்டாம்.

களிம்பு

எண்ணெய், வெண்ணெய், மெழுகு மட்டும் சேர்ந்த, தண்ணீர் துளியும் இல்லாத களிம்புக்கு என் வாக்கு. நான்கைந்து பொருளில் முடிந்துவிடும். தண்ணீர் இல்லாததால் பொதுவாகப் பதப்படுத்தி தேவைப்படாது. எண்ணெய் காறாமல் இருக்கக் கொஞ்சம் வைட்டமின் ஈ போதும். அகன்ற டப்பாவில் அடைத்தால் ஈரக் கை உள்ளே போகும், டியூப் நல்லது. பொருள்கள் குறைவாக இருப்பதால், ஒருவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எது என்று கண்டுபிடிப்பதும் எளிது.

எல்லா எண்ணெயும் ஒன்றில்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். 2013-இல் வந்த ஓர் ஆய்வில், சில வாரங்கள் ஆலிவ் எண்ணெய் பூசிய கைகளில் தோலின் அரண் பலவீனமாகியிருந்தது. சூரியகாந்தி எண்ணெய் பூசிய இடத்தில் அப்படி ஆகவில்லை. டாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியபோது மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் குறைந்ததை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆலிவில் ஒலிக் அமிலம் அதிகம், சூரியகாந்தியில் லினோலிக் அமிலம் அதிகம், வித்தியாசம் அங்கேதான். "ஆலிவ் சேர்த்தது" என்று கொட்டை எழுத்தில் போடுபவர்கள் கவனிக்க. சூரியகாந்தியிலும் ஒலிக் அமிலம் கூடிய ரகம் ஒன்று உண்டு, வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வெயில் களிம்புக்கு எதிரி. ஷியா வெண்ணெய் உடல் சூட்டிலேயே உருகும். மே மாதம் மதுரைக்குப் போகும் கூரியர் வண்டிக்குள் உருகி, இரவில் மறுபடி உறைந்து, மணல் மணலாகத் திரிந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் கோகம் வெண்ணெய் 38 டிகிரிக்கு மேல்தான் இளகும்; தேன்மெழுகு 62 டிகிரி வரை தாங்கும். இந்த இரண்டையும் வைத்து உடலைக் கட்டிவிட்டு எண்ணெயால் மிருதுவாக்குவது இங்கே பொருந்தும் முறை. தேன்மெழுகுகூட ஒரு சிலருக்கு ஆகாது, அதில் தேனீப் பிசின் ஒட்டியிருக்கும். நன்றாக வடிகட்டிய ரகத்தை வாங்குங்கள்.

சங்கடமான கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. எந்த மருந்துக்கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி, ஒவ்வாமை மிகக் குறைந்த பூச்சுகளில் ஒன்று. உங்கள் களிம்பை ஏன் வாங்க வேண்டும்? தோலில் பரவும் விதம், ஒட்டாத தன்மை, பூசினால் சட்டை பிசுக்காகாமல் இருப்பது, இவைதான் நேர்மையான பதில்கள். "பெட்ரோலியம் விஷம்" என்று சொல்லி விற்பது பொய். அந்தப் பொய்யில் கட்டிய தொழில், தோல் மருத்துவரிடம் போய் வந்த முதல் வாடிக்கையாளரோடு சரிந்துவிடும்.

களிம்பின் குறையையும் சொல்லிவிடுகிறேன். சென்னை வெயிலில் உடல் முழுக்கப் பூசினால் வேர்க்குரு வரும். முகப்பரு உள்ளவருக்கு முகத்தில் வேண்டாம். கை, கால், முழங்கை மடிப்பு, உதடு, வெடித்த குதிகால் என்று இடம் சொல்லி விற்க வேண்டிய பொருள் இது. ஜி.எஸ்.டி.யும் 18 சதவீதம். வருமானம் சோப்பைப் போல மாதாமாதம் திரும்பி வராது.

எங்கே தயாரிப்பது

வீட்டுச் சமையலறையில் தயாரித்து விற்பதை ஒரு வழியாகவே நான் கணக்கில் எடுக்கவில்லை. 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ், விற்பனைக்காக அழகுசாதனப் பொருள் தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் லைசென்ஸ் வேண்டும். சிறியவர், வீட்டிலிருந்து செய்பவர் என்று விலக்கு கிடையாது. சோப்பும் இதில் அடக்கம். உத்யம் பதிவு இருக்கிறது, ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது, அது போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அவை தொழிலைப் பதிவு செய்வதற்கானவை. தயாரிப்பு உரிமை அல்ல.

சட்டப்படி உள்ள வழிகள் மூன்று. சொந்த இடத்தில் சொந்த லைசென்ஸ். லைசென்ஸ் உள்ள இன்னொருவர் தொழிற்சாலையை உபயோகித்து உங்கள் பெயரில் எடுக்கும் லோன் லைசென்ஸ். தயாரிப்பாளரின் லைசென்ஸில் அவரே செய்து தர, நீங்கள் உங்கள் பிராண்டில் விற்கும் தேர்ட் பார்ட்டி முறை.

சொந்த லைசென்ஸுக்கு 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி சிஓஎஸ்-5 படிவத்தில் விண்ணப்பித்தால் சிஓஎஸ்-8 கிடைக்கும். குடியிருப்பிலிருந்து தனியான இடம், கழுவக்கூடிய சுவரும் தரையும், தகுதியுள்ள தொழில்நுட்பப் பணியாளர், சோதனை வசதி எல்லாம் கேட்பார்கள். பழைய விதிகளின் எம்-2 அட்டவணை கிரீம், லோஷன், எண்ணெய் வகைகளுக்கு 25 சதுர மீட்டர் இடத்தைப் பரிந்துரைத்தது. குளியல் சோப்புக்கு 100 சதுர மீட்டர். முதல் பொருளாக எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது வாடகையை எப்படி மாற்றுகிறது என்பதை இந்த இரண்டு எண்களே காட்டும். இயந்திரம் வாங்கப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு மானியத்துடன் கடன் உண்டு. கடன் கிடைக்கிறது என்பதற்காகப் பட்டறை போடாதீர்கள். மாதம் எத்தனை டியூப் விற்கும் என்று தெரியாமல் போட்ட பட்டறையில் தவணைதான் முதல் வாடிக்கையாளர்.

நம் அளவுகோலில் சொந்தப் பட்டறைக்கு முழு மதிப்பெண். ஒரே பாத்திரத்தில் வேறெதுவும் கிண்டப்படவில்லை என்று நீங்கள் சத்தியம் செய்து சொல்லலாம்.

தேர்ட் பார்ட்டியில் நேர் எதிர். முன்பணம் குறைவு, சோதனை வசதி அவர்களிடமே இருக்கும், லேபிளில் அவர்கள் லைசென்ஸ் எண் வரும். புதுச்சேரியிலும் சென்னையைச் சுற்றியும் இப்படிச் செய்து தருபவர்கள் உண்டு. இமாச்சல், உத்தராகண்ட் பக்கம் ஏராளம். இதிலேயே இரண்டு ரகம் இருக்கிறது, அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஃபார்முலாவில் உங்கள் ஸ்டிக்கரை ஒட்டித் தருவது ஒன்று. உங்கள் ஃபார்முலாவை அவர்கள் செய்து தருவது இன்னொன்று. சென்சிட்டிவ் சருமத் தொழிலுக்கு முதல் ரகம் உதவாது. அதே லோஷன் இன்னும் முப்பது பிராண்டுகளில் இருக்கும் என்பது சின்னக் குறைதான். உள்ளே என்ன என்பதற்கு அவர் தரும் ஒரு தாள்தான் உங்களுக்கு ஆதாரம் என்பது பெரிய குறை.

இரண்டாவது ரகத்துக்குப் போகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. இதே பாத்திரத்தில் இதற்கு முன் என்ன ஓடியது, எப்படிக் கழுவுகிறீர்கள்? மூலப்பொருள் தீர்ந்துபோனால் எனக்குச் சொல்லாமல் வேறு கம்பெனி சரக்கைப் போடுவீர்களா? பதப்படுத்தி "பிளெண்ட்" என்று எழுதியிருக்கிறதே, அதற்குள் என்னென்ன? மூலப்பொருளின் வாடையை மறைக்க ஏதாவது சேர்க்கிறீர்களா? ஒவ்வொரு பேட்சிலும் (ஒரே தடவையில் செய்த சரக்கு) மாதிரி எடுத்து வைப்பீர்களா, எத்தனை நாள்? மூலப்பொருளின் ஆய்வுச் சான்றிதழ் நகல் எனக்கு வருமா? வாடையை மறைக்கும் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திக் கேளுங்கள். மணமே தெரியாத கிரீமுக்குள்ளும் மணப்பொருள் இருக்கலாம். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல் படுபவரிடம் போக வேண்டாம். "இதெல்லாம் யாரும் கேட்கிறதில்லையே மேடம்" என்பது பதில் ஆகாது.

லோன் லைசென்ஸ் இரண்டுக்கும் நடுவில். சிஓஎஸ்-6 படிவத்தில் விண்ணப்பித்து சிஓஎஸ்-9 வாங்க வேண்டும். இடமும் இயந்திரமும் அடுத்தவருடையவை. தரத்துக்கான சட்டப் பொறுப்பு உங்களுடையது. காகித வேலை கூடுதல். ஆனால் மூலப்பொருளை நீங்கள் வாங்கித் தரலாம், பேட்ச் ஓடும் நாளில் நீங்கள் அங்கே நிற்கலாம், பொருள் உங்கள் பெயரில் வரும். பின்னால் சொந்த இடம் எடுக்கும்போது ஆவணங்களும் அனுபவமும் கையில் இருக்கும். சிறிய அளவுக்குத் தன் தொழிற்சாலையைத் திறந்து தரும் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் இதில் பெரிய பாடு. பொதுவாகப் பெரிய ஆலைகள் இதற்கு மெனக்கெடாது. தொழிற்பேட்டையில் பாதி நாள் சும்மா கிடக்கும் சிறு ஆலைகளைத் தேடுங்கள்.

நான்காவதாகச் சித்த, ஆயுர்வேத வழியைச் சிலர் சொல்வார்கள். 25-டி லைசென்ஸ், இந்திய மருத்துவத் துறை வழியாக வரும். அதற்கென்று தகுதி பெற்ற மருத்துவரோ பணியாளரோ வேண்டும், நூல்களில் உள்ள பொருள்களைக் கொண்டே தயாரிக்க வேண்டும். குடும்பத்தில் சித்த மருத்துவர் இருந்தால் யோசிக்கலாம். "மருந்து" என்று சொல்லி விற்க ஒரு குறுக்கு வழியாக மட்டும் இதைப் பார்ப்பவர்களுக்கு, மூலிகைத் தைலங்களின் பொருள் பட்டியல் நீளமானது என்பதை நினைவூட்டுகிறேன். சென்சிட்டிவ் சருமத்துக்கு நீளமான பட்டியல் ஆகாது.

லேபிளில் என்ன சொல்லலாம்

"எக்ஸிமாவைக் குணப்படுத்தும்" என்று எழுதினால் உங்கள் களிம்பு மருந்தாகிவிடும், அழகுசாதன லைசென்ஸ் அதற்குப் போதாது. "ஹைப்போஅலர்ஜெனிக்" என்ற சொல்லுக்குப் பின்னால் நீங்கள் நினைக்கும் அளவுக்குச் சட்டம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் 1975-இல் அதற்கு வரையறை கொண்டுவந்தார்கள், 1977-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதனால் இந்தச் சொல்லுக்குச் செலவழிக்கும் இடத்தில் முழுப் பொருள் பட்டியலைப் பெரிய எழுத்தில் போடுங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை இறங்கு வரிசையில் எழுத வேண்டும் என்று விதியே சொல்கிறது. அதற்குக் கீழே உள்ளவற்றையும் விடாமல் எழுதுங்கள். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (எந்தப் பொருள் ஆகாது என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) எடுத்தவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அவர் அதையும் உங்கள் லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

டியூபோடு ஒரு சிறு சீட்டு போடுவதும் நல்லது. முழங்கை உட்பக்கத்தில் காசளவு இடத்தில் தினம் இருமுறை, ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டு மற்ற இடங்களில் பூசச் சொல்லுங்கள். ஒருமுறை பூசி அரை மணி நேரம் பார்ப்பது ஒவ்வாமையைக் காட்டிக்கொடுக்காது.

அப்படியென்றால் எது?

கையில் பணம் குறைவு, வேதியியல் பின்னணி இல்லை, வாடிக்கையாளர் நூறு பேருக்குள் என்றால்: வாசனை சேர்க்காத ஒரே ஒரு களிம்பு, உங்கள் ஃபார்முலாவில், தேர்ட் பார்ட்டியிடம். கேள்விகளுக்குப் பதில் சொல்லும் தயாரிப்பாளர் கிடைக்கும் வரை காத்திருங்கள்; விலை குறைவாகச் சொன்னவரிடம் அவசரப்பட்டுப் போகாதீர்கள்.

நீங்களோ கூட்டாளியோ பார்மசி, வேதியியல் படித்தவர் என்றால் அதே களிம்பை லோன் லைசென்ஸில் தொடங்குங்கள். கூடுதல் அலைச்சலுக்குப் பலன் உண்டு.

சொந்தப் பட்டறையை, ஒரே பொருள் நின்று விற்று, மறுபடி மறுபடி வாங்கும் கூட்டம் உருவான பிறகு போடலாம். அப்போதும் 25 சதுர மீட்டரில் களிம்பு மட்டும். சோப்பையும் லோஷனையும் அதே கூரையின் கீழ் கொண்டுவரும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

விற்பனை வெளிமாநிலத்துக்குப் போகும் முதல் பார்சலுக்கு முன்பே ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாயைத் தாண்டும்வரை பதிவு வேண்டாம் என்ற வரம்பு மாநிலத்துக்குள் விற்கும்வரைதான். பெங்களூருவில் இருக்கும் அக்காவின் தோழிகளுக்கு அனுப்புவதும் வெளிமாநில விற்பனைதான்.

இரண்டாவது பொருளாக லோஷனுக்குப் போகும்போது, சவால் சோதனை அறிக்கை கையில் வரும் முன் லேபிள் அச்சடிக்கக் கொடுக்காதீர்கள். முதல் ஃபார்முலா அந்தச் சோதனையில் தோற்பது அபூர்வம் இல்லை. பதப்படுத்தியை மாற்றினால் பொருள் பட்டியலும் மாறும், அச்சடித்த ஆயிரம் டியூபும் வீணாகும்.